சாந்தம்மாளின் புல்லும் புஷ்பமேரியின் கோழிகளும்

சாந்தம்மாள் வீட்டு முன்னால் புல் நடப்போகிறாள் என்று கேட்டதும் முதலில் சிரித்தவர் அவளுடைய கணவர் பெரியமுத்துதான். பிறகு தெருவே சிரித்தது. முப்பத்தொரு வருஷம் தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளியவள் அவள். தேயிலைச் செடிக்கு அடியில் புல் முளைத்தால் அதைப் பிடுங்கி எறிவதற்கென்றே எஸ்டேட்டில் ஆள் போட்டுக் கூலி கொடுப்பார்கள். அப்படிப்பட்ட புல்லைச் சாக்கில் அள்ளிவந்து, வரிசை பிடித்து நட்டு, செம்பில் தண்ணீர் ஊற்றுகிற மனுஷியைச் சாந்தன்பாறைப் பக்கத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை.

"நாலு ஏலச்செடி வச்சாப் பலன் உண்டு. பீன்ஸ் போட்டாக் கொழம்புக்காவது ஆகும். புல்லு எதுக்குப் புள்ள? நம்மகிட்ட மாடுகூட இல்லையே" என்றார் பெரியமுத்து.

"ஒக்கார்றதுக்கு" என்றாள் சாந்தம்மாள்.

அதற்கு மேல் அவள் விளக்கவில்லை. விளக்கினாலும் அவருக்குப் பிடிபட்டிருக்காது. பெரியமுத்து எஸ்டேட் ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். கூரைக்குக் கீழே, மெஷின்களுக்கு நடுவே ஆயுசைக் கழித்தவர். அவளுக்கோ காலமெல்லாம் தேயிலைக் காட்டில்தான். மதியச் சோற்றைத் தேயிலைச் செடிகளுக்கு இடையில், ஈரக்கல்லில், அட்டை ஏறுகிறதா என்று காலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். குடியிருந்த லயத்திலும் ஆறு வீட்டுக்குச் சேர்த்து ஒரே முற்றம்; அதிலும் பாதி சாக்கடை, மீதி கருங்கல். பதினொன்றாம் நம்பர் காட்டில் நின்றால் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் மேனேஜர் பங்களாவின் புல்தரை தெரியும். பனிக்கால வெயிலில் அதில் இரண்டு நாற்காலிகள் கிடக்கும். அந்த நாற்காலிகளில் ஒருநாளும் ஓர் ஆள் உட்கார்ந்து அவள் கண்டதில்லை. பங்களாமேல் அவளுக்கு ஆசை வந்ததே கிடையாது. இவ்வளவு புல் சும்மா கிடக்கிறதே என்று மட்டும் தோன்றும்.

வேலையை விட்டு வந்தபோது கிடைத்ததை எல்லாம் போட்டு, பூப்பாறை போகும் ரோட்டுக்கு மேலே ஆறு சென்ட் வாங்கி இரண்டு அறை வீடு கட்டினார்கள். வாசலுக்கு முன்னால் மட்டமான மண் கொஞ்சம் மிஞ்சியது. அவளுடைய சேலையை விரித்து அளந்தால் நீளத்துக்கு இரண்டு சேலை, அகலத்துக்கு ஒன்று. ஜூன் மழை தொடங்கிய வாரம் கோயில் மைதானத்து ஓரத்தில் படர்ந்து கிடந்த புல்லைக் கணுக்கணுவாகக் கிள்ளி எடுத்துவந்து, ஒரு சாண் இடைவெளி விட்டு நட்டாள். பலகையால் தட்டி அமுக்கினாள். அடுத்த மழைக்காலம் வருவதற்குள் கணுவும் கணுவும் கைகோத்து மண் மூடிவிட்டது. காலையில் அதன்மேல் பனி உட்கார்ந்திருக்கும்போது தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

சிரித்தவர்கள்தான் முதலில் வந்து உட்கார்ந்தார்கள். குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் தங்கள் கூட்டத்தை அங்கன்வாடியிலிருந்து இங்கே மாற்றிக்கொண்டார்கள். பெரியமுத்துவும் ஒருநாள் பேப்பரை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் புல்லுக்கு வந்தார். வந்தவர் பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தூங்கினார்.

சித்திரையில் மகள் இந்து போடியிலிருந்து வந்தாள். அவள் கணவன் பாண்டீஸ்வரன் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுகிறவன். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். புல்லில் காலை நீட்டி உட்கார்ந்தவள், "அம்மா, ஏழாம் மாசம் வளைகாப்பை இங்கயே வச்சுக்கிருவோமா? மண்டபம் எல்லாம் வேண்டாம். இந்தப் புல்லுல பாய விரிச்சு, எல்லாரும் சுத்தி ஒக்காந்து" என்றாள்.

"ஒங்க மாமியா சம்மதிக்கணுமே."

"அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

மாமியார் கற்பகம் மண்டபம்தான் கௌரவம் என்று நினைக்கிற ஆள். இருந்தாலும் மருமகள் ஆசைப்படுகிறாள் என்று அரை மனதாகத் தலையாட்டினாள். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

வைகாசி கடைசியில், ஒரு மத்தியானம், இரண்டு அட்டைப்பெட்டிகளோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள் புஷ்பமேரி. பெட்டிக்குள் எட்டுக் கோழியும் ஒரு சேவலும். எறணாகுளத்தில் அவள் மருமகளுக்குப் பிரசவம் ஆகியிருந்தது. உடனே கிளம்பி வரச் சொல்லி மகன் போன் பண்ணியிருந்தான்.

"ஏட்டி சாந்தா, ஒரு மாசந்தான். வந்ததும் கூட்டிட்டுப் போயிருதேன். இதுகள வேற யார நம்பி விட?" என்றாள்.

வேறு யாராவது கேட்டிருந்தால் சாந்தம்மாள் யோசித்திருப்பாள். புஷ்பமேரி பக்கத்து நிரையில் நின்று இருபது வருஷம் அவளோடு கொழுந்து கிள்ளியவள். இந்து வயிற்றில் இருந்தபோது, நிமிர்ந்து நிற்க முடியாத நாட்களில், எடை போடும் இடத்துக்கு வருமுன்னால் தன் கூடையிலிருந்து இரண்டு கை அள்ளிச் சாந்தம்மாள் கூடையில் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல முன்னால் நடப்பவள். அந்தக் கைக்கு மறுப்புச் சொல்ல முடியுமா? பெட்டியைத் திறந்தார்கள். ஒன்பதும் வெளியே வந்து, இறக்கையை உதறி, புல்லைப் பார்த்தன.

முதல் நாள் ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. அங்கங்கே நாலு நகக்கீறல். மூன்றாம் நாள் வாசலுக்கு நேரே ஒரு குழி. சிவப்புக் கோழி ஒன்று அதில் பக்கவாட்டில் படுத்து, மண்ணை வாரி இறக்கைக்குள் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. எங்கே போனாலும் முதலில் காலைத் தூக்கித் தோண்டுவது அதுதான். பெரியமுத்து அதற்கு 'மம்பட்டி' என்று பெயர் வைத்தார். கையைப் பின்னால் கட்டியதுபோல உடம்பைச் சாய்த்து நடக்கிற சேவலுக்கு 'ரைட்டர்'. எஸ்டேட்டில் பேர் எழுதுகிற ரைட்டர் அப்படித்தான் நடப்பார்.

இரண்டாம் வாரம் மழை பிடித்தது. கீறலில் தண்ணீர் நின்றது, தண்ணீர் நின்ற இடத்தைக் கால்கள் குழைத்தன. வருஷம் முழுக்கச் சேர்த்த புல்லில் பாதி, பதினைந்து நாளில் சேறாகிப்போனது.

சாந்தம்மாள் சும்மா இருக்கவில்லை. முள்ளுக்கொப்பு வெட்டிப் புல்மேல் பரப்பினாள். கோழிகள் முள்ளுக்கு நடுவே பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போயின, பெரியமுத்துதான் மிதித்துக்கொண்டு நொண்டினார். பழைய மீன்வலை வாங்கிவந்து விரித்துக் கட்டினார்கள். அதில் ரைட்டரின் கால் சிக்கி, அவன் போட்ட சத்தத்தில் ரோட்டில் போன ஜீப்காரர்கள் இறங்கி ஓடிவந்தார்கள். ஒவ்வொரு கோழியாகக் காலில் கயிறு கட்டி முளையடித்துப் பார்த்தாள். மாலையில் புல்தரையில் எட்டு வட்டம் இருந்தது. காம்பஸ் வைத்துப் போட்டதுபோல அவ்வளவு சுத்தமான வட்டம். கடைசியில் பின்பக்கத்து விறகுக் கொட்டகையில் அடைத்தாள். நாலு நாளில் முட்டை நின்றது. ஒன்றின் முதுகை ஒன்று கொத்தி இறகு பிடுங்கத் தொடங்கின. காலையிலிருந்து இருட்டும்வரை கத்தல்.

"இதுகளப் பாத்தா லயத்துல மழைக்கு அடைஞ்சு கெடந்த நம்ம ஞாபகந்தான் வருது" என்று சொல்லி அவளே கதவைத் திறந்துவிட்டாள். திறந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் சமையலறைக்குப் போனாள்.

ஆனி நடுவில் புஷ்பமேரியின் போன் வந்தது. மருமகள் வேலைக்குத் திரும்பப் போகிறாள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், இனிமேல் எறணாகுளம்தான் என்றாள். "கோழிகள நீ என்ன வேணா செஞ்சுக்கோட்டி. வித்துரு. கொழம்பு வச்சாலும் எனக்கு வருத்தமில்ல."

பெரியமுத்து மூச்சு விட்டார். அன்று சாயங்காலமே பூப்பாறைக் கோழிக்கடைக்காரரிடம் பேசிவிட்டு வந்தார். "காலைல வந்து எடுத்துக்கிருவாரு. வளைகாப்புக்கு இன்னும் ரெண்டு மாசம் கெடக்கு. வெறுமண்ணா இருக்குற எடத்துல திரும்ப நட்டு வையி. வந்துரும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மனைவியின் புல் போனது அவருக்கும் வலித்தது. சொல்லத் தெரியாது, அவ்வளவுதான்.

மறுநாள் மழை விட்டிருந்தது. சாந்தம்மாள் டீ கிளாசோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். எதிர் மலையில் எஸ்டேட் பெண்கள் கொழுந்துக்கு இறங்கியிருந்தார்கள். பச்சைக்கு நடுவே மஞ்சளும் நீலமுமாக, ஈரம் படாமல் பிளாஸ்டிக் படங்குகள் கட்டிய இடுப்புகள். பழக்கத்தில் கண் கணக்குப் போட்டது. இன்றைக்கு ஒன்பதாம் நம்பர் காடு. போன செவ்வாய் அதே காட்டில் நின்றார்கள். ஆக எட்டு நாள் ரவுண்டு.

கொழுந்தெடுப்பில் அதுதான் அரிச்சுவடி. ஒரு காட்டில் இன்று கிள்ளினால் எட்டு நாள், பத்து நாள் அந்தப் பக்கம் திரும்பக் கூடாது. அதற்குள் செடி மூச்சு வாங்கி மறுபடி துளிர்த்துவிடும். ஒரே காட்டில் தினம் தினம் ஆளை இறக்கினால் மூன்றாம் நாள் கொழுந்து இருக்காது, பத்தாம் நாள் செடி குச்சியாக நிற்கும். அப்படி ஆனால் யாரும் கிள்ளினவளைத் திட்ட மாட்டார்கள். ரவுண்டு போடத் தெரியாத சூப்பர்வைசரைத்தான் திட்டுவார்கள்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. அவள் மெதுவாகத் தலையைத் திருப்பிப் புல்தரையைப் பார்த்தாள். எட்டுக் கோழியும் ரைட்டரும், நேற்று நின்ற அதே இடத்தில், முந்தாநாள் நின்ற அதே இடத்தில்.

"என்னங்க, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். பெரியமுத்து பல் தேய்த்துக்கொண்டே வந்தார். "தப்பு கோழி மேல இல்ல. நான் ரவுண்டு போடல" என்றாள் அவள்.

"என்ன ரவுண்டு?"

"இதுகளும் கொழுந்துதான் கிள்ளுதுக. கிள்ளுறவள நான் ஒரே காட்டுல விட்டுட்டேன். இந்தப் புல்லைப் பத்துக் கட்டமாப் பிரிச்சு ஒரு நாளைக்கு ஒரு கட்டத்துல மேய விட்டா? பதினோராம் நாள்தான் முதல் கட்டத்துக்குத் திரும்ப வரும்."

"கட்டத்துக்குள்ள நிக்கச் சொன்னா நிக்குமா?"

"அதுக்குத்தான் ஒரு கூடு வேணும். அடியில தட்டு இல்லாம, நாலு பக்கமும் வலை, மேலயும் வலை. நாம நகத்துனா நகரணும். நீங்க ஃபிட்டர்தான?"

பெரியமுத்து பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, கொட்டகைக்குள் போய் டேப்பைத் தேடினார். ரிடையர் ஆன நாளிலிருந்து அவர் கை அரித்துக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு மிக்ஸியை மூன்று தடவை பிரித்து மாட்டியிருந்தார். அது முதல் தடவையே சரியாகிவிட்டது. கோழிக்கடைக்காரர் ஸ்கூட்டரில் கூடையோடு வந்தபோது புருஷனும் மனைவியும் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்கு டீயும், வீட்டில் காய்த்த சுரைக்காய் ஒன்றும் கொடுத்து அனுப்பிவைத்தாள் சாந்தம்மாள்.

முதல் கூட்டைப் பழைய இரும்புக் கட்டிலை அறுத்து, ஆங்கிள் வைத்து வெல்டிங் பண்ணிச் செய்தார் பெரியமுத்து. நூறு வருஷம் தாங்கும். தூக்குவதற்கு நாலு ஆள் வேண்டும்.

"இது கோழிக்கா, ஆனைக்கா?" என்று கேட்டாள் சாந்தம்மாள்.

"ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு பாத்தேன்."

"நான் தள்ளணும். என் முட்டியப் பாத்துச் செய்யுங்க."

இரண்டாவதை மூங்கிலில் செய்தார். ஒரு விரலால் நகர்த்தலாம். சாந்தன்பாறைக் காற்றும் அதையே நினைத்தது. மூன்றாம் நாள் மத்தியானம் கூடு கிளம்பி, வேலியைத் தாண்டி, கீழே ஏலக்காட்டுக்குள் போய் இறங்கியது. எட்டுக் கோழிகளும் திறந்த வெளியில் நின்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. மம்பட்டி மட்டும் நேரத்தை வீணாக்காமல் தோண்டத் தொடங்கியது.

மூன்றாவதுதான் கூடு. பிளாஸ்டிக் பைப்பில் சட்டம், மூலைக்கு மூலை மூங்கில் முட்டு, சுற்றி வலை. ஒரு பக்கம் உடைந்த குழந்தை சைக்கிளின் இரண்டு சக்கரம், மறுபக்கம் பிடி. பிடியைத் தூக்கினால்தான் சக்கரம் தரையில் பதியும். இறக்கி வைத்தால் கூடு மண்ணோடு மண்ணாக ஒட்டி உட்காரும், கீரி மூக்கு நுழையக்கூட இடம் இருக்காது. காற்றுக்கு இரண்டு ஓரத்திலும் மணல் பாட்டில். தள்ளுவண்டிபோல இடுப்பு வளையாமல் நகர்த்தலாம். சாந்தம்மாள் ஒருதரம் தள்ளிப் பார்த்தாள். "இப்பத்தான் நீங்க ஃபிட்டர்" என்றாள். பெரியமுத்து அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு தோசை கூடச் சாப்பிட்டார்.

கூடு கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் கட்டத்தில் ஒரு நாள் முழுக்க விட்டுப் பார்த்தாள். சாயங்காலம் அந்தக் கட்டம் குச்சி குச்சியாக நின்றது. அடுத்த நாள் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தாள். கொழுந்தைப் பார்த்த கண் அது. முதலில் கோழிகள் நுனியைக் கொத்தின. பிறகு பூச்சி பொறுக்கின. இரண்டு மணி நேரம் போனபிறகுதான், வயிறு நிறைந்து பொழுது போகாமல், மண்ணைக் கிளறத் தோன்றியது. அதிலும் முதல் கால் மம்பட்டியின் கால். அன்றிலிருந்து சட்டம் வகுத்துவிட்டாள்: மம்பட்டி காலைத் தூக்கினால் மேய்ச்சல் முடிந்தது.

கிளறாமல் இருக்கக் கோழியால் முடியாது, அதற்கு ஓர் இடம் கொடுக்கவேண்டும் என்பதும் அவளுக்குப் புரிந்தது. பின்பக்கத்துச் சில்வர் ஓக் மரத்தடியில் வேலி கட்டி, காய்ந்த இலையும் காய்கறித் தோலும் முழங்கால் உயரம் கொட்டினாள். ஒரு ஜீப் டயரில் அடுப்புச் சாம்பலும் காய்ந்த மண்ணும் நிரப்பி, மழை படாமல் மேலே தகரம் போட்டாள். பத்து மணிக்குப் புல்லிலிருந்து அங்கே போனால் கோழிகளுக்குப் பொழுது போனதே தெரியாது. டயருக்குள் படுப்பதற்கு அடிதடி. ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் ஒரு மணி நேரம் அவிழ்த்து விடுவாள். அந்த நேரத்தில் அவை எதையும் தோண்டுவதில்லை. மாலை நடை போகிறவர்கள்போலப் புல்லில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, வெளிச்சம் மங்கியதும் தாமாகக் கொட்டகைக்குள் ஏறிவிடும்.

மழை நாளில் புல்லுக்கு விடுமுறை. ஈர மண்ணில் கோழியை விட்டால் பத்து நிமிஷம் போதும், தெரியும். ஒருநாள் ரேஷன் கடையில் கூட்டம் அதிகமாகிக் கூட்டை நகர்த்த நேரமாகிவிட, எச்சம் விழுந்த இடம் தீப்பட்டதுபோல மஞ்சளானது. அதிலிருந்து கூடு நகர்ந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் தெளித்துவிடுவது வழக்கமாயிற்று. தண்ணீரில் கரைந்த எச்சம் புல்லுக்கு உரமானது. ஆடி பிறந்தபோது சேறாகக் கிடந்த இடத்தில் நட்ட கணுக்கள் எல்லாம் பிடித்துவிட்டன. பத்துக் கட்டமும் பத்துப் பச்சை: நேற்று மேய்ந்தது வெளிர், போன வாரம் மேய்ந்தது கரும்பச்சை. எதிர் மலையைச் சின்னதாக்கி வாசலில் விரித்ததுபோல இருந்தது.

இந்து தினமும் வீடியோவில் கூப்பிடுவாள். "அம்மா, புல்லக் காட்டு. இப்ப மம்பட்டியக் காட்டு." அவள் சிரிப்பதைப் பக்கத்திலிருந்து கற்பகமும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆனால் புல்தரை சேறாகிவிட்டது என்ற ஆனி மாதத்துச் செய்தி யார் மூலமாகவோ போடிக்குப் போய், ஆடியில்தான் அவள் காதில் விழுந்தது. உடனே போன்.

"மதினி, நான் மனசுல ஒண்ணும் வச்சுக்கிறவ இல்ல. மாசமா இருக்குற புள்ள, சேத்துல வழுக்கிக்கிழுக்கி விழுந்துட்டா? மண்டபத்துக்கே சொல்லிருவோம்."

"மண்டபத்துக்குச் சொல்றதுக்கு முந்தி நீங்க ஒரு நடை வந்து பாத்துட்டுப் போங்க மதினி" என்றாள் சாந்தம்மாள்.

அவள் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மகனின் ஜீப்பிலிருந்து கற்பகம் இறங்கினாள். பட்டுச்சேலை, கையில் பூ, முகத்தில் முடிவு செய்துவிட்டு வந்த பாவனை. சாந்தம்மாள் அப்போது பழைய நைட்டியில், தலையில் துண்டோடு, கூட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே ஒன்பது பேரும் கூட்டோடு கூட நடந்து வந்தார்கள்.

"வாங்க மதினி. இந்தக் கட்டம் முடிஞ்சிருச்சு, இதோ வாரேன்" என்றாள்.

கற்பகம் செருப்பைக் கழற்றிப் புல்லில் ஒரு கால் வைத்தாள். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். அடுத்த காலையும் வைத்தாள். ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தாள், திரும்பி வந்தாள். பிறகு பட்டுச்சேலையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கீழ மெத்தை கித்தை போட்டிருக்கீகளா?" என்று கேட்டாள்.

டீ வந்தது. இட்லி வந்தது. பதினொரு மணிக்குப் பாண்டீஸ்வரன் ஜீப்பின் ஹாரனை லேசாக அமுக்கினான். "இருடா, கோழிக இப்பத்தான் டயருக்குள்ள போகுது, பாத்துட்டு வாரேன்" என்றாள் அவன் அம்மா. கிளம்பும்போது முந்தானையில் பன்னிரண்டு முட்டை. மண்டபத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேச்சே இல்லை.

வளைகாப்பன்று வானம் நல்ல புத்தியோடு இருந்தது. முந்தைய ஒரு வாரம் புல்லில் கோழியை இறக்கவில்லை சாந்தம்மாள். எல்லாக் கட்டமும் ஒரே உயரத்துக்கு வந்து நின்றன. நடுவில் மணையில் இந்து. சுற்றிப் பாயில் ஐம்பது பெண்கள். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் கை ஏற ஏற, பின்பக்கத்திலிருந்து ரைட்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கூவல் கொடுத்தான். பெண்கள் குலவையை அவனுக்குப் போட்டியாக இன்னும் நீட்டினார்கள். தேங்காய்ச் சோறும் புளியோதரையும் போதாமல், குடும்பஸ்ரீ பெண்கள் ஓடிப்போய் இன்னொரு அண்டா எலுமிச்சைச் சோறு கிளறிக் கொண்டுவந்தார்கள். ஆண்கள் எல்லோரும் கூட்டைச் சுற்றி நின்றார்கள். பெரியமுத்து பிடியைத் தூக்குவதும் இறக்குவதுமாக முப்பது தடவைக்கு மேல் செய்து காட்டினார்.

எறணாகுளத்திலிருந்து பேரனோடு வந்திருந்தாள் புஷ்பமேரி. வளையல் போட்டு முடிந்ததும் நேரே பின்பக்கம் போனாள். எண்ணினாள். ஒன்பது.

"கொழம்பு வச்சிருப்பேன்னு நெனச்சேன்டி" என்றாள்.

"வைக்கத்தான் பாத்தேன். ரவுண்டு ஒத்து வந்துச்சு, விட்டுட்டேன். வேணும்னாக் கூட்டிட்டுப் போ. ஒன் கோழிதான்."

"பதினோராம் மாடியில இதுகள வச்சு நான் என்னடி செய்ய?" என்று சிரித்த புஷ்பமேரி, டயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேரனைத் தோளிலிருந்து இறக்கி மடியில் சாய்த்துப் பிடித்தாள். அப்போதுதான் கழுத்து நின்றிருந்த அந்தப் பிள்ளை, மண்ணில் புரளும் மம்பட்டியைப் பார்த்துக் காலை உதைத்துச் சிரித்தது. புஷ்பமேரி அன்றைக்குத் திரும்பிப் போகவில்லை. நாலு நாள் தங்கி, காலை ரவுண்டை அவளே தள்ளினாள்.

விருந்து முடிந்த மறுநாள் புல்தரை பாயின் அச்சோடு படுத்துக் கிடந்தது. பெரியமுத்து பார்த்துவிட்டு, "கோழி பதினஞ்சு நாள்ல செஞ்சத மனுஷங்க மூணு மணி நேரத்துல செஞ்சுட்டாங்க" என்றார். சாந்தம்மாள் கயிறு கட்டி, பத்து நாளைக்கு யாரும் மிதிக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள்.

அந்தப் பத்து நாளுக்குள்தான் ஜின்சன் கூப்பிட்டான். சின்னக்கானல் பக்கம் ஹோம்ஸ்டே நடத்துகிற பையன். பாண்டீஸ்வரன் அவனிடம்தான் டூரிஸ்டுகளைக் கொண்டுபோய் இறக்குவான். வருகிற பிள்ளைகள் கோழி பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று ஒரு கூட்டமே வாங்கி விட்டிருந்தான். இப்போது ஆட்கள் கோழியைப் படம் எடுக்கிறார்கள், புல்லைப் பார்த்து மூக்கைச் சுளிக்கிறார்கள். வளைகாப்பு வீடியோவைப் பாண்டீஸ்வரன் காட்டியிருக்கிறான்.

ஜீப் வந்தது. கூட்டை மேலே வைத்துக் கட்டி, பெரியமுத்துவும் சாந்தம்மாளும் போனார்கள். ஜின்சன் கேட்டிலேயே நின்றான்.

"சேச்சி, எங்ஙனெயாவது ஒண்ணு சரியாக்கித் தரணும்" என்று மலையாளமும் தமிழுமாகக் கலந்து சொன்னான்.

சாந்தம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பெரிய புல்தரையை ஒரு தடவை முழுக்க நடந்தாள். ஜின்சன் பின்னாலேயே போனான்.

"எத்தன கோழி தம்பி?"

"முப்பத்திரண்டு."

"இந்தப் புல்லு பதினஞ்சுக்குத்தான் காணும். மிச்சத்த அக்கம்பக்கம் குடுத்துரு. எது மொதல்ல தோண்டுதோ, அத மட்டும் குடுத்துராத."

"அதெந்தா சேச்சி?"

"அதுதான் ஒனக்குக் கடிகாரம்."

முழு ரவுண்டு ஒன்றைக் காட்டித் தருகிறேன் என்று பத்து நாள் காலை ஜீப்பில் போய்வந்தாள். எஸ்டேட்டில் பேர் கூப்பிடும்போது கடைசி வரிசையில் நின்றவளுக்கு, ஜின்சனின் சமையல்காரி தினமும் நாற்காலி போட்டு, அப்பமும் கடலைக் கறியும் வைத்தாள். சுற்றுலா வந்த டெல்லிக் குடும்பம் ஒன்று அவளை நிற்கவைத்துப் படம் எடுத்தது. பதினோராம் நாள் போகும் முன்பு இந்துவுக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்கும் தேதி சொல்லிவிட்டார்கள். அதோடு வேறு எங்கும் நகர முடியவில்லை. ஐப்பசியில், வெயிலும் மழையுமாக இருந்த ஒரு காலையில், பெண் குழந்தை பிறந்தது.

ஜின்சன் இப்போது வாரத்துக்கு ஒருதடவை போட்டோ அனுப்புகிறான். சாந்தம்மாளுக்குப் போனில் எழுத வராது. பேத்தியை மடியில் போட்டுக் காலை ஆட்டிக்கொண்டே போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பாள். பிறகு போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பேசுவாள்.

"தம்பி, கொளத்துக்குப் பக்கத்துல மூணாவது கட்டம் மஞ்சளா இருக்கு. நேத்து நகத்த மறந்துட்டீங்க. தண்ணி ஊத்திட்டு எனக்கு நாளைக்கு இன்னொரு போட்டோ அனுப்பு."